யாராவது பார்த்திருப்பார்கள்

பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு கடைக்குப் பில் போடும் மென்பொருள் வைத்துத்தர வரும் இளைஞரிடம் கடைக்காரர் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "தம்பி, சும்மா கிடைக்குதுன்னு சொல்றீங்க, நம்பலாமா?" பதிலும் ஏறக்குறைய ஒன்றுதான். "இது ஓப்பன் சோர்ஸ் அண்ணே. கோட் எல்லாம் வெளியிலேயே கிடக்கு. தப்பு இருந்தா யாராவது பார்த்திருப்பாங்க." கடைக்காரர் தலையாட்டுவார், வேலை தொடங்கும். அந்தப் பதிலில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் அதில் வரும் "யாராவது" என்ற ஒற்றைச் சொல் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. யார் அவர்? எப்போது பார்த்தார்? எதைப் பார்த்தார்? அவர் பார்த்ததும் இந்தக் கடையின் சர்வரில் ஓடுவதும் ஒன்றுதானா? முதல் மூன்று கேள்விகளைப் பலர் பேசிவிட்டார்கள். நான்காவதைத்தான் நாம் போதுமான அளவு பேசவில்லை என்று நினைக்கிறேன்.

ஓப்பன் சோர்ஸ் என்னும் திறந்த மூலத்தின் மேல் எனக்குள்ள பற்றில் குறைவில்லை. மூடிய மென்பொருளில் இந்தக் கேள்விகளைக் கேட்கவே இடமில்லை. ஆனால் பார்க்க உரிமை இருப்பது வேறு, பார்த்திருப்பது வேறு. ஹார்ட்பிளீடை எடுத்துக்கொள்ளுங்கள். எதிர்ப்பக்கம் "என் செய்தி இத்தனை பைட் நீளம்" என்று சொன்னால் அதைச் சரிபார்க்காமல் அப்படியே நம்பி, அந்த நீளத்துக்கு நினைவகத்திலிருந்து அள்ளிக் கொடுத்துவிடும் பிழை. ஒவ்வொரு முறையும் 64 கிலோபைட் வரை வெளியே போகும். இணையத் தொடர்பை மறையாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தின் 2012 மார்ச்சில் வந்த 1.0.1 பதிப்பிலிருந்து 2014 ஏப்ரல் 7 வரை, இரண்டு ஆண்டுகளுக்கு மேல், அந்த வரிகள் எவரும் படிக்கக்கூடிய இடத்திலேயே இருந்தன. உலகெங்கும் வங்கிகளும் அரசுகளும் நம்பியிருந்த அந்தத் திட்டத்துக்கு அதற்கு முன் ஆண்டொன்றுக்கு வந்த நன்கொடை சுமார் 2000 டாலர். முழுநேரமாக வேலை செய்தவர் ஒருவர். ஹார்ட்பிளீடில் எல்லாம் கண்ணெதிரே இருந்தது, பார்க்கத்தான் ஆள் இல்லை. அதற்கு மருந்து ஓரளவு தெரியும்: காசு கொடுக்கலாம், ஆள் போடலாம், தணிக்கை செய்யலாம். பத்து ஆண்டு கழித்து வந்தது வேறு வகை நோய்.

நள்ளிரவுக்கு ஒன்பது நிமிடம் முன்பு

2024 மார்ச் 29, வெள்ளிக்கிழமை. மலேசிய நேரம் இரவு 11:51. நோன்பு மாதம், மாமாக் கடைகளில் இன்னும் கூட்டம் கலையாத வேளை. அப்போதுதான் ஆண்ட்ரெஸ் ஃப்ராயண்ட் திறந்த மூலப் பாதுகாப்பைப் பேசும் ஓஎஸ்எஸ்-செக்யூரிட்டி மடற்குழுவில் அந்தக் கடிதத்தைப் போட்டார். அவர் மைக்ரோசாஃப்டில் வேலை செய்யும் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தின் நிரலாளர். பாதுகாப்பு ஆராய்ச்சி அவர் தொழில் இல்லை. டெபியன் லினக்ஸின், புதியதை உடனே எடுக்கும் சிட் பதிப்பு ஓடும் கணினியில் போஸ்ட்கிரெஸின் வேகத்தை நுணுக்கமாக அளந்துகொண்டிருந்தார். அளவீட்டில் இரைச்சல் குறைய வேண்டுமென்று பின்னணியில் என்னென்ன ஓடுகிறது என்று பார்த்தபோது, தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழியான எஸ்எஸ்ஹெச்சில், தவறான பயனர் பெயரில் வந்து தோற்றுத் திரும்பும் முயற்சிகள்கூட வழக்கத்தைவிட அதிகமாக சிபியுவைத் தின்றன. 0.299 விநாடியில் முடிய வேண்டியது 0.807 விநாடி எடுத்தது. அந்த நேரமெல்லாம் லிப்எல்ஜெட்எம்ஏ என்ற சுருக்க நூலகத்துக்குள் போயிற்று, ஆனால் எந்தச் செயற்கூறு என்று நிரல் எங்கே நேரம் செலவிடுகிறது என்று காட்டும் பெர்ஃப் கருவியால் பெயர் சொல்ல முடியவில்லை. சில வாரங்களுக்கு முன் நினைவகப் பிழை தேடும் வால்கிரைண்ட் கருவி காட்டிய விளங்காத எச்சரிக்கை ஒன்றும் நினைவுக்கு வந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தார்.

அந்த நூலகம் இருக்கும் எக்ஸ்இசட் யூட்டில்ஸ் தொகுப்பின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு, அதாவது கள்ளத்தனமாக உள்ளே நுழைய வைத்த வழி. பாதுகாப்புப் பிழைப் பட்டியலில் அதன் எண் சிவிஇ-2024-3094. எஸ்எஸ்ஹெச்சை நடத்தும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சுக்கும் எக்ஸ்இசட்டுக்கும் நேரடி உறவே கிடையாது. ஆனால் டெபியன், ஃபெடோரா போன்ற லினக்ஸ் டிஸ்ட்ரோக்கள் (லினக்ஸைத் தொகுத்துத் தருபவை) "நான் எழுந்துவிட்டேன்" என்று சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டிக்குச் சொல்வதற்காக, எஸ்எஸ்ஹெச்சின் சர்வர் நிரலான எஸ்எஸ்ஹெச்டியில் ஒரு சிறு ஒட்டு வேலை செய்திருந்தன. அதனால் சிஸ்டம்டியின் நூலகமான லிப்சிஸ்டம்டி உள்ளே வந்தது, அதன் கையைப் பிடித்துக்கொண்டு லிப்எல்ஜெட்எம்ஏயும் வந்தது. வந்த நூலகம், ஒரு செயற்கூற்றின் இடத்தில் எந்த நிரலை வைப்பது என்று ஓடும்போது முடிவு செய்யும் ஐஃபங்க் என்ற வசதியைப் பயன்படுத்தி, ஆர்எஸ்ஏ சாவியைச் சரிபார்க்கும் செயற்கூற்றைத் தன்னுடையதாக மாற்றிவைத்தது. தாக்கியவரிடம் உள்ள எட்448 வகை ரகசியச் சாவி கொண்டு ஒப்பமிட்ட கட்டளை வந்தால் மட்டும் அது விழித்துக்கொள்ளும், கடவுச்சொல் கேட்கும் முன்பே கட்டளையை ஓட்டிவிடும். வேறு எவர் தட்டினாலும் சாதாரணக் கதவு மாதிரியே இருக்கும். வெளியிலிருந்து ஸ்கேன் செய்து கண்டுபிடிக்க வழியே இல்லை.

அந்த "யாராவது" இந்த முறை நிஜமாகவே ஒருவர் இருந்தார். ஆனால் அவர் தேடியது இதை இல்லை. அரை விநாடியைத் தேடினார்.

மேலாள் ஆன கதை

லெபோ பினாங்கில், தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் புறப்படும் அந்தத் தெருவில், செட்டியார்களின் வட்டித் தொழில் நடந்த கிட்டங்கிகள் இருந்தன. கடல் கடந்து ஊரார் பணத்தை வைத்து நடந்த தொழில் அது. முதலாளி செட்டிநாட்டில், பணம் பினாங்கில். நடுவில் தந்தியும் கப்பல் தபாலும்தான். அந்தத் தூரத்தை நம்பிக்கையால் நிரப்ப அவர்கள் வைத்திருந்த ஏணி, பெட்டியடிப் பையனில் தொடங்கி அடுத்தாள் என்று ஏறி மேலாள் வரை போகும். கணக்கு எழுதிப் பழகி, ஆண்டுக்கணக்கில் கண்ணெதிரே இருந்து, பிறகுதான் சாவி கைக்கு வரும். மேலாள் ஊருக்குத் திரும்பும்போது அடுத்து வருபவரிடம் பேரேட்டை ஒப்படைத்துக் கணக்கு முடிக்க வேண்டும்.

எக்ஸ்இசட் திட்டத்தில் நடந்ததும் அச்சு அசல் இதே ஏணிதான். ஜியா டான் என்ற பெயரில் ஒரு கணக்கு 2021இல் வந்தது. முதலில் சின்னச் சின்னத் திருத்தங்கள், எல்லாம் பயனுள்ளவை. 2022இல் வேறு சில பெயர்கள் வந்து, திட்டம் தேங்கிக் கிடக்கிறது, புதுப் பராமரிப்பாளர் வேண்டும் என்று எக்ஸ்இசட்டைப் பராமரித்துவந்த லாஸ்ஸே கொலின் மேல் அழுத்தம் கொடுத்தன. முன்புபோல் ஈடுபட முடியவில்லை என்றும், இது ஊதியமில்லாமல் ஓய்வு நேரத்தில் செய்யும் வேலை என்றும் அவர் நேர்மையாகப் பதில் எழுதினார். அந்தப் பதிலிலேயே ஜியா டானுக்குப் பெரிய பொறுப்பு வரக்கூடும் என்ற குறிப்பும் இருந்தது. 2023 தொடக்கத்தில் அந்தக் கணக்கு தானே கமிட் செய்தது, அதாவது மாற்றங்களை நேரடியாகத் திட்டத்தில் சேர்த்தது, மார்ச்சில் 5.4.2 பதிப்பைத் தானே வெளியிட்டது. 2023 ஜூலையில், திறந்த மூல நிரல்களில் பிழை தேடும் கூகுளின் ஓஎஸ்எஸ்-ஃபஸ் சோதனையில் ஐஃபங்க்கை அணைத்துவைக்கும் மாற்றம் ஒன்றும் அதே கையால் போனது. பெட்டியடியிலிருந்து மேலாள் வரை, இரண்டரை ஆண்டு.

அப்படியானால் ஏணியில்தான் பிழையா? நான் அப்படி நினைக்கவில்லை. கிட்டங்கியில் பெட்டியடியாக வந்த பையனுக்கு ஓர் ஊர் இருந்தது, அவன் பிரிவுக்கென ஒரு நகரக் கோயில் இருந்தது, அவன் அப்பாவைத் தெரிந்தவர்கள் அதே கூடத்தில் பெட்டிக்கு அருகில் உட்கார்ந்திருந்தார்கள். கையாடல் செய்தால் ஓடி ஒளிய இடமில்லை. அந்த ஏணியின் வலிமை படிகளில் இல்லை, அதைச் சுற்றியிருந்த மனிதர்களில் இருந்தது. நாம் படிகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். இங்கே ஏறி வந்தவருக்கு இருந்தது ஒரு மின்னஞ்சல் முகவரி. ஆனால் முகம் தெரியாதவர்களை நிராகரிப்பதும் வழியாகாது. பெயரும் ஊரும் சொல்லாமல் நல்ல வேலை செய்தவர்கள் கட்டற்ற மென்பொருள் உலகில் ஏராளம். அடையாள அட்டை கேட்கத் தொடங்கினால் முதலில் வெளியேறுவது அவர்கள்தான். போலி அட்டை செய்வது இரண்டரை ஆண்டு காத்திருக்கத் தெரிந்தவருக்குப் பெரிய வேலையும் இல்லை. ஆளைச் சரிபார்ப்பதைவிட அவர் கொடுத்த பொருளைச் சரிபார்ப்பதில்தான் எனக்கு நம்பிக்கை.

படித்தது ஒன்று, ஓடியது ஒன்று

இந்த விவகாரத்தில் நான் திரும்பத் திரும்ப வந்து நிற்பது ஒரே கோப்பின் முன்னால். பெயர் பில்ட்-டு-ஹோஸ்ட், தொகுப்புக்கான ஸ்கிரிப்டை உருவாக்கப் பயன்படும் எம்4 வகைக் கோப்பு. அது, நிரலின் மூலமும் அதன் மாற்றங்களும் இருக்கும் கிட் ரெப்போவில் இல்லை. ஒரு பதிப்பை வெளியிடும்போது கட்டித் தரும் சுருக்கக் கோப்பான டார்பாலில் மட்டும் இருந்தது.

தொகுப்புக்குத் தயார் செய்யும் ஆட்டோடூல்ஸ் கருவிகளைப் பயன்படுத்தும் திட்டங்களில் இது சந்தேகத்தைக் கிளப்பாத விஷயம். கன்ஃபிகர் ஸ்கிரிப்ட், மேக்ஃபைல் வார்ப்புகள், எம்4 மேக்ரோக்கள் ஆகியவற்றை வெளியிடுபவர் தன் கணினியில் உருவாக்கி டார்பாலில் சேர்த்துவிடுவார், வாங்குபவரிடம் அந்தக் கருவிகள் இல்லாவிட்டாலும் தொகுக்க, அதாவது மூலத்தை ஓடும் நிரலாக்க, முடியட்டும் என்பதற்காக. அதனால் ரெப்போவில் அந்தப் பதிப்பைக் குறிக்கும் டேக்குக்கும் டார்பாலுக்கும் ஆயிரக்கணக்கான வரி வித்தியாசம் இருப்பது சாதாரணம். அந்தக் குப்பைமேட்டில்தான் அது ஒளிந்திருந்தது. ரெப்போவில் இருந்தவை இரண்டு சோதனைக் கோப்புகள் மட்டும். ஒன்றின் பெயரே "கெட்டது", மற்றொன்று "நல்லது, பெரியது". சுருக்க நூலகத்துக்குக் கெட்டுப்போன கோப்பைக் கொடுத்துச் சோதிப்பது அன்றாட வேலை. அதைத் திறந்து பார்த்து "இது ஏன் கெட்டிருக்கிறது" என்று எவர் கேட்பார்? டார்பாலில் இருந்த மேக்ரோ, கெட்ட கோப்பில் டேப் இருக்கும் இடத்தில் ஸ்பேஸும், ஹைஃபன் இருக்கும் இடத்தில் அடிக்கோடும் வரும்படி மாற்றியது. கெட்ட கோப்பு நல்ல கோப்பாயிற்று. அதை விரித்தால் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட். அந்த ஸ்கிரிப்ட் இரண்டாவது கோப்பிலிருந்து உண்மையான நஞ்சை எடுத்தது.

அதுவும் எல்லா இடத்திலும் இல்லை. 64-பிட் எக்ஸ்86 லினக்ஸா, ஜிசிசி தொகுப்பியா, குனு லிங்கரா, டெபியன் அல்லது ஆர்பிஎம் பேக்கேஜாகத் தொகுக்கப்படுகிறதா என்று பார்த்து, எல்லாம் ஆம் என்றால்தான் உள்ளே போகும். ஆர்வத்தில் டார்பாலை இறக்கித் தன் மேசையில் கையால் தொகுத்துச் சோதிப்பவருக்குச் சுத்தமான நூலகம் கிடைக்கும். "யாராவது பார்த்திருப்பார்கள்" என்ற அந்த யாரோ ஒருவரை எதிர்பார்த்து, அவர் கண்ணில் படாதபடியே அதைக் கட்டியிருக்கிறார்கள். ஹார்ட்பிளீடில் பார்க்க ஆள் இல்லை. இங்கே, பார்க்க வந்த ஆளுக்கு வேறு பொருளைக் காட்டினார்கள்.

இப்போது நாம் பாதுகாப்பு என்று பட்டியல் போடும் ஒவ்வொன்றையும் இந்தக் கோப்பின் முன் நிறுத்திப் பாருங்கள். ஜிபிஜி என்ற மின்கையொப்பம்? டார்பாலில் ஜியா டானின் சரியான கையொப்பம் இருந்தது, சரிபார்த்தால் "நல்ல கையொப்பம்" என்றே வரும். யார் கொடுத்தார் என்பதைத்தான் அது சொல்லும், என்ன கொடுத்தார் என்பதைச் சொல்லாது. கோப்பின் கைரேகை போன்ற எஸ்ஹெச்ஏ256 செக்சம்? வழியில் எவரும் மாற்றவில்லை என்று உறுதி தரும். வழியில் எவரும் மாற்றவும் இல்லை, புறப்படும்போதே அப்படித்தான் இருந்தது. திரும்பத் தொகுத்தால் ஒரே பைனரி, அதாவது ஓடும் கோப்பு, வருமா என்று பார்க்கும் ரீப்ரொட்யூசிபிள் பில்ட்ஸ் எனக்கு மிகவும் பிடித்த முயற்சி, ஆனால் அதே டார்பாலில் தொடங்கினால் அதே நஞ்சுதான் துல்லியமாகத் திரும்பத் திரும்ப வரும். இரண்டு பேர் மறுபார்வை? ரெப்போவில் மறுபார்வைக்கு அந்தக் கோப்பே இல்லை. இவற்றில் எதுவும் வீண் என்று சொல்லவில்லை. ஒவ்வொன்றும் வேறு வேறு திருடனைப் பிடிக்கும். இந்தத் திருடன் வந்த வழியில் மட்டும் காவல் இல்லை.

அந்த வழியில் காவல் போட முடியும், கடினமும் இல்லை. நீங்கள் மூலத்திலிருந்து தொகுக்கும் எதற்கும் டார்பாலை விட்டுவிட்டு கிட் டேக்கிலிருந்து தொடங்குங்கள். டேக்கின் பெயரை நம்பாமல் அது காட்டும் கமிட்டின் 40 எழுத்து ஹாஷை, அந்த உள்ளடக்கத்தின் கைரேகையை, குறித்து வையுங்கள். கன்ஃபிகர் வகையறாக்களை உங்கள் கணினியில் உள்ள ஆட்டோடூல்ஸ் கொண்டு ஆட்டோரீகான்ஃப் கட்டளையை ஓட்டி நீங்களே உருவாக்குங்கள். இங்கே ஒரு பொறி உண்டு. டார்பாலை விரித்து, அதற்குள் ஆட்டோரீகான்ஃப் ஓட்டினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. எம்4 கோப்புகளுக்கு வரிசை எண் உண்டு, எண் பெரியது எதுவோ அதையே கருவி புதியது என்று எடுத்துக்கொள்ளும். உண்மையான கோப்பின் எண் 3. நஞ்சு கலந்ததன் எண் 30. ஆகவே தொடக்கமே ரெப்போவாக இருக்க வேண்டும். டார்பாலைத் தவிர்க்கவே முடியாது என்றால், டேக்கை ஒரு கோப்புறையிலும் டார்பாலை இன்னொன்றிலும் விரித்து, கோப்புகளை ஒப்பிடும் டிஃப் கட்டளையை உள்கோப்புறைகளோடு சேர்த்து ஓட்டி, டார்பாலில் மட்டும் இருக்கும் கோப்புகளின் பட்டியலை முதலில் எடுங்கள். உள்ளடக்க வித்தியாசத்தைப் பிறகு பார்க்கலாம். அந்தப் பட்டியல் பெரும்பாலும் சில பத்து வரிதான் இருக்கும். ஒவ்வொரு எம்4 கோப்பையும் இவ்வகைக் கோப்புகளைத் தரும் க்னுலிப் திட்டத்தின் மூலத்தில் உள்ள அதே பெயர்க் கோப்போடு ஒப்பிடுவது ஒரு மாலை வேலை.

இந்த இடைவெளி சி மொழிக்கு மட்டும் உரியது என்று நினைத்துவிட வேண்டாம். ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களின் களஞ்சியமான என்பிஎம்மில் நீங்கள் இறக்கும் பேக்கேஜும் கிட்ஹப்பில் படிக்கும் மூலமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. வெளியிடுபவர் தன் கணினியில் இருப்பதை மேலேற்றுகிறார், அவ்வளவுதான். 2018இல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் பேக்கேஜ் கைமாறியபோது, புதிதாகச் சேர்ந்த சார்பின் வழியாக ஒரு பிட்காயின் பணப்பையைக் குறிவைத்த நிரல் இப்படித்தான் நுழைந்தது. தொகுத்தல், சோதனை போன்ற வேலைகளைத் தானாக ஓட்டும் கிட்ஹப் ஆக்ஷன்ஸிலும் இதே இடைவெளி உண்டு. 2025 மார்ச்சில் டிஜே-ஆக்ஷன்ஸின் சேஞ்ச்டு-ஃபைல்ஸ் என்ற ஆக்ஷன் தாக்கப்பட்டபோது பழைய டேக்குகளையே நகர்த்தி நஞ்சுள்ள கமிட்டைக் காட்ட வைத்தார்கள். பதிப்பு எண்ணை எழுதிவைத்தவர்கள் மாட்டினார்கள், முன்பே 40 எழுத்து ஹாஷை எழுதிவைத்தவர்கள் தப்பினார்கள்.

வேகமா, நிதானமா

சின்னக் கடைக்கும் சின்ன அலுவலகத்துக்கும் டார்பாலை ஒப்பிட நேரமில்லை, தேவையும் இல்லை. அவர்களுக்கான முதல் முடிவு, மூலத்திலிருந்து தொகுப்பதையே குறைப்பது. டெபியனின் நிலையான பதிப்பு அல்லது உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பான எல்டிஎஸ் போதும். பின்கதவு வெளிவந்த அன்று டெபியன் 12இல் இருந்தது எக்ஸ்இசட் 5.4.1, உபுண்டு 22.04இல் 5.2.5. இரண்டும் தப்பின. டெபியன் சிட், டெஸ்டிங், ஃபெடோரா ராஹைட், ஓப்பன்சூசே டம்பிள்வீட், காளி என்று புதியதை உடனே எடுத்தவைதான் மாட்டின. இதை வைத்து "அப்டேட்டே வேண்டாம்" என்று முடிவு கட்டுபவர்களும் உண்டு. அவர்களுக்கு அமெரிக்கக் கடன்தகவல் நிறுவனமான ஈக்விஃபாக்ஸை நினைவுபடுத்த வேண்டும். அது பயன்படுத்திய அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற திறந்த மூல மென்பொருளின் பிழைக்கான திருத்தம் 2017 மார்ச் 7 அன்றே வந்துவிட்டது. அதைப் போடாமல் விட்டதால் மே மாதம் உள்ளே புகுந்தவர்கள் சுமார் 14.7 கோடி பேரின் விவரங்களை எடுத்துப்போனார்கள். எக்ஸ்இசட் அவசரக்காரரைத் தண்டித்தது, ஸ்ட்ரட்ஸ் சோம்பேறியைத் தண்டித்தது.

ஆகவே இரண்டு தடங்கள் வேண்டும். பாதுகாப்புத் திருத்தம் என்று டிஸ்ட்ரோ அறிவித்தவை தானாகவே, அன்றைக்கே போகட்டும், அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் அதற்குத்தான். புது வசதி, புதுப் பதிப்பு என்று வருபவை ஒரு வாரம் காத்திருக்கட்டும். நஞ்சு கலந்த என்பிஎம் பதிப்புகள் பல, வெளிவந்த சில மணி நேரத்திலேயே கண்டுபிடித்து நீக்கப்படுகின்றன. என்பிஎம்முக்கு மாற்றான பிஎன்பிஎம் கருவியில் 10.16 முதல் குறைந்தபட்ச வெளியீட்டு வயது என்ற அமைப்பு உண்டு. கணக்கு நிமிடத்தில், ஏழு நாளுக்கு 10080 என்று கொடுக்க வேண்டும். உற்பத்திச் சர்வரில் என்பிஎம் இன்ஸ்டால் ஓட்டாமல் என்பிஎம் சிஐ ஓட்டுங்கள், அது பதிப்புகளைப் பூட்டிவைக்கும் லாக் கோப்பில் உள்ளதை மட்டுமே எடுக்கும். நிறுவும்போது தானாக ஓடும் ஸ்கிரிப்டுகளை அணைத்து வையுங்கள். 2025 செப்டம்பரில் பரவிய ஷாய்-ஹுலூத் புழு நுழைந்த வாசல் அதுதான். பிஎன்பிஎம் 10 அதை இயல்பாகவே தடுக்கிறது. அணைத்தபின் சில பேக்கேஜ்கள் உடையும், குறிப்பாகச் சொந்த பைனரி தொகுப்பவை. உடைவதைப் பார்த்து ஒவ்வொன்றாக அனுமதி கொடுப்பதுதான் சரி, எல்லாவற்றையும் திறந்துவிடுவது சரியில்லை.

எஸ்எஸ்ஹெச் பற்றி ஒரு தவறான ஆறுதல் நிலவுகிறது. "கடவுச்சொல்லை அணைத்துவிட்டேன், சாவி மட்டும்தான், எனக்கு ஆபத்தில்லை" என்பார்கள். நல்ல பழக்கம், ஆனால் எக்ஸ்இசட் பின்கதவு சரிபார்ப்புக்கு முன்பே வேலை செய்வது. சாவி வைத்திருந்தாலும் காப்பாற்றியிருக்காது. காப்பாற்றியிருக்கக்கூடியது ஒன்றுதான்: எஸ்எஸ்ஹெச்சின் 22ஆம் போர்ட் உலகம் முழுவதற்கும் திறந்திருக்காமல், ஒயர்கார்ட் என்ற விபிஎன் வழியாக அல்லது அலுவலக முகவரியிலிருந்து மட்டும் எட்டும்படி இருப்பது. செலவில்லாத வேலை, அரை மணி நேரம். மாற்றும்போது பழைய இணைப்பை மூடாமல், புது வழியில் இன்னொரு சாளரத்தில் உள்ளே போக முடிகிறதா என்று பார்த்த பிறகே மூடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் சர்வருக்கு வெளியே நீங்களே நிற்க வேண்டிவரும்.

ஆலயங்களும் சங்கங்களும் நடத்தும் வேர்ட்பிரஸ் தளங்கள் தனிக் கவலை. தைப்பூச நேரத்தில் உபயக்காரர் பெயரும் தொலைபேசி எண்ணும் அதில்தான் சேர்கின்றன, தளத்தைக் கட்டிக்கொடுத்த பையன் வேறு வேலைக்குப் போயிருப்பான். 2017இல் டிஸ்ப்ளே விட்ஜெட்ஸ் என்ற செருகுநிரல் புது ஆளுக்கு விற்கப்பட்டு, அப்டேட் வழியாகவே பின்கதவு வந்தது. சுமார் 2 லட்சம் தளங்களில் அது இருந்தது. அப்டேட் பொத்தானை அழுத்தியவர் எந்தத் தவறும் செய்யவில்லை, கடை கைமாறியது அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். செருகுநிரல்களை எண்ணுங்கள். பயன்படாதவற்றை முடக்கி வைக்காமல் அழித்துவிடுங்கள், முடக்கினாலும் கோப்பு வட்டில் இருக்கும், நேராக அழைக்க முடியும். காசு கொடுத்து வாங்க வேண்டிய தள வடிவமைப்பை (தீம்) "உடைத்து" இலவசமாகத் தருகிறேன் என்பவரிடம் வாங்கவே வேண்டாம், அதில் பின்கதவு வைப்பதுதான் அவர் வருமானம். வேர்ட்பிரஸின் கட்டளைவரிக் கருவியான டபிள்யூபி-சிஎல்ஐயில் கோர், செருகுநிரல் செக்சம்களைச் சரிபார்க்கும் கட்டளைகள் உண்டு, மாதம் ஒரு முறை ஓட்டலாம். அவையும் வேர்ட்பிரஸ் தளம் வெளியிட்டதோடுதான் ஒப்பிடும். கட்டணச் செருகுநிரல்களை அவற்றால் பார்க்க முடியாது.

பெயர்ப் பட்டியல்

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் இப்போது எஸ்பிஓஎம், அதாவது மென்பொருள் கூறுகளின் பட்டியல், என்ற சொல் அடிக்கடி கேட்கிறது. ஐரோப்பாவின் சைபர் ரெசிலியன்ஸ் சட்டம் 2024 டிசம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது. பிழைகளை அறிவிக்கும் கடமை 2026 செப்டம்பர் 11 முதல், முழுக் கடமைகள் 2027 டிசம்பர் 11 முதல். ஐரோப்பாவுக்குப் போகும் ஒரு ரவுட்டரோ கட்டுப்பாட்டுப் பலகையோ பினாங்கில் உருவானால், அதற்குள் என்னென்ன மென்பொருள் கூறுகள் இருக்கின்றன என்ற பட்டியல் வேண்டும். சாதனங்களுக்கான லினக்ஸை யோக்டோ கருவியில் தொகுப்பவர்களுக்கு எஸ்பிடிஎக்ஸ் என்ற பட்டியல் வடிவில் அது தானாகவே கிடைக்கும். ஆனால் அந்தப் பட்டியலை நற்சான்றிதழ் என்று எடுத்துக்கொள்வது ஆபத்து. 2024 மார்ச் 28 அன்று ஒரு எஸ்பிஓஎம் "எக்ஸ்இசட் 5.6.1" என்று மட்டும் சொல்லியிருக்கும், அதுவும் சரியாகவே சொல்லியிருக்கும். மறுநாள்தான் அதற்கு மதிப்பு வரும்: எந்தச் சாதனத்தில், எந்தத் தொகுப்பில் அது இருக்கிறது என்று ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். பட்டியல் இல்லாதவர் வார இறுதி முழுக்கத் தேடிக்கொண்டிருப்பார்.

கடைக்காரருக்கும் இது தூரத்து விஷயம் இல்லை. திறந்த மூல உரிமங்கள் ஏறக்குறைய அனைத்திலும் உத்தரவாதம் எதுவும் கிடையாது என்று எழுதியிருக்கும். மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 2025 ஜூன் 1 முதல் தரவுக் கசிவை 72 மணி நேரத்துக்குள் ஆணையரிடம் அறிவிக்கும் கடமை வந்துவிட்டது. அந்தக் கடமை வாடிக்கையாளர் விவரத்தை வைத்திருப்பவருடையது. எங்கோ ஒரு நாட்டில் ஓய்வு நேரத்தில் நிரல் எழுதியவரிடம் போய் நிற்க முடியாது, நிற்பது நியாயமும் ஆகாது. அவர் நமக்கு எதையும் விற்கவில்லை.

அந்த இளைஞர் கடைக்காரருக்கு வேறு பதில் சொல்லலாம் என்று தோன்றுகிறது. "இந்தச் சர்வர்ல இன்னின்ன இருக்கு அண்ணே. இது டெபியன்காரங்க கவனிக்கிறது. இந்த ரெண்டு மட்டும் நான் வெளியிலேர்ந்து எடுத்தது, இதுக்கு நான் பொறுப்பு. மாசம் ஒரு தடவை பார்க்கணும், அதுக்கு இவ்வளவு ஆகும்." இதில் "யாராவது" இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஆள் உண்டு, ஆளில்லாத இடம் எது என்பதும் தெரிகிறது. விலையும் வெளிப்படையாகச் சொல்லப்படுகிறது. இலவசம் என்ற சொல்லுக்குள் அந்த மாதாந்தர வேலையை மறைப்பதுதான் பிற்பாடு எல்லாரையும் பார்க்காமல் விடவைக்கிறது.

லாஸ்ஸே கொலின் 2024 மே 29 அன்று 5.2.13, 5.4.7, 5.6.2 ஆகிய மூன்றையும் ஒரே நாளில் வெளியிட்டார், தன் சொந்தக் கையொப்பத்தோடு. பின்கதவு போயிற்று. ஐஃபங்க்கையும் எடுத்துவிட்டார், அது தரும் சிறிய வேகத்துக்கு அந்தச் சிக்கல் தகாது என்று. அதற்கு முன், ஏப்ரல் தொடக்கத்தில் வரவிருந்த உபுண்டு 24.04 பீட்டா ஒரு வாரம் தள்ளிப்போனது, சந்தேகத்துக்கு இடமான எல்லாவற்றையும் மறுபடி தொகுக்க வேண்டியிருந்ததால். பேக்கேஜ் எண்கள் பின்னோக்கிப் போக முடியாது. பழைய 5.4.5ஐத் திரும்பக் கொண்டுவர, 5.6.1க்குப் பிறகு வருவதுபோல் அதற்குப் பெயர் வைக்க வேண்டியிருந்தது. இன்று பினாங்கிலோ கோலாலம்பூரிலோ உபுண்டு 24.04 ஓடும் எந்தச் சர்வரிலும் நிறுவிய பேக்கேஜ்களைக் காட்டும் டிபிகேஜி பட்டியலில் எக்ஸ்இசட் யூட்டில்ஸைத் தேடிப் பாருங்கள். 5.6.1, அடுத்து ஒரு கூட்டல் குறி, "உண்மையில்" என்று பொருள்படும் "ரியலி" என்ற ஆங்கிலச் சொல், அதை ஒட்டி 5.4.5 என்று இருக்கும். 5.6.1ஐப் பார்த்துப் பதற வேண்டாம். ஓடுவது 5.4.5.